சுற்று நேரம்: சென்னையில் பேருந்துத் தடம் வகுக்கும் தொழில்

ஒரு பேருந்துத் தடத்தின் அடிப்படை அளவு சுற்று நேரம். புறப்பட்ட நிலையத்திலிருந்து மறுமுனைக்குப் போய், அங்கே சற்று நின்று, திரும்பி வந்து, அடுத்த நடைக்குத் தயாராகும் வரை ஆகும் மொத்த நிமிடங்கள் அது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே விட நினைக்கும் இடைவெளியால் அதை வகுத்தால், அந்தத் தடத்துக்கு எத்தனை வண்டி வேண்டும் என்பது தெரிந்துவிடும். சுற்று நேரம் 120 நிமிடம், 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் 12 வண்டி. சென்னை மாதிரி ஒரு நகரத்தில் அட்டவணை எழுதும் வேலை இந்த வகுத்தலில்தான் தொடங்குகிறது. அந்த வேலையின் சிக்கல்களில் பெரும்பகுதியும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

சாலை நெரிசலால் அதே சுற்றுக்கு 150 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கையில் இருப்பது 12 வண்டிதான் என்றால் இடைவெளி பன்னிரண்டரை நிமிடமாகிவிடும். பழைய 10 நிமிடத்தைக் காப்பாற்ற 15 வண்டி வேண்டும். கூடுதலாக வந்த மூன்று வண்டிக்கும் ஓட்டுநர், நடத்துநர், டீசல், டயர் எல்லாம் உண்டு. ஆனால் நிறுத்தத்தில் நிற்பவருக்கு முன்பு கிடைத்ததைவிட எதுவும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. வண்டிக்குள் அவர் முன்பைவிட நேரம்தான் அதிகம் செலவிடுகிறார். புதுப் பேருந்துகள் வாங்கியதாகச் செய்தி வந்த பிறகும் நிறுத்தத்தில் காத்திருப்பு குறையவில்லை என்று மக்கள் சொல்வது உண்மை. அவர்கள் சொல்வதை அட்டவணை எழுதுபவர் கணக்காகவே காட்ட முடியும். சாலையைத் திட்டமிடுபவர் ஓர் அலுவலகத்திலும் பேருந்தைத் திட்டமிடுபவர் இன்னோர் அலுவலகத்திலும் இருக்கும்போது, அந்த மூன்று வண்டியின் செலவு எந்தச் சாலைத் திட்டத்தின் மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை.

சுற்று நேரத்தின் பெரும்பகுதி ஓட்ட நேரம். தொழிலில் இதை ‘ரன்னிங் டைம்’ என்றே சொல்வார்கள். முன்பெல்லாம் ஒருவர் கைக்கடிகாரமும் தாளுமாக முன் இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வந்த நேரம், கிளம்பிய நேரம், ஏறியவர், இறங்கியவர் என்று குறித்துக்கொண்டே போவார். இப்போது ஜிபிஎஸ் கருவி இதில் பாதியைத் தானே செய்துவிடுகிறது. வண்டி ஓர் இடத்தில் நான்கு நிமிடம் நின்றது என்பதை அது சொல்லும். ஏன் நின்றது என்பதைச் சொல்லாது. கூட்டம் ஏறியதாலா, நிறுத்தத்தின் வாயிலேயே ஆட்டோக்கள் நின்றதாலா, சிக்னலில் இரண்டு முறை சிவப்பு விழுந்ததாலா என்பது வண்டியில் போகிறவருக்குத்தான் தெரியும். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. ஒன்று வண்டியைக் கூட்டச் சொல்கிறது, இன்னொன்று காவல் துறையிடம் போகச் சொல்கிறது. ஆகவே கருவி வந்த பிறகும் தடத்தில் ஏறிப் பயணம் செய்யாமல் அட்டவணை எழுதுவது நல்ல வேலையாகாது.

அளந்த நேரங்களிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதில் ஒரு பழக்கம் வேண்டும். சராசரியை எடுத்தால் ஏறக்குறைய பாதி நடைகள் தாமதமாகத்தான் வந்து சேரும். மிக மோசமான நாளை எடுத்தால் மற்ற நாட்களில் வண்டி ஊர்ந்து போகும். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள், உள்ளே இருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். பெரும்பாலான நடைகள் முடித்துவிடக்கூடிய ஒரு நேரத்தை ஓட்ட நேரமாக வைத்து, மீதி ஏற்ற இறக்கத்தைக் கடைசி நிலைய ஓய்வில் தாங்கிக்கொள்வதே நடைமுறை. இறுக்கமான அட்டவணையின் விளைவு சாலையில் கண்ணுக்குத் தெரியும். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும் வண்டி, நடுச்சாலையிலேயே ஆளை இறக்கும் வண்டி, கையைக் காட்டியும் நிற்காத வண்டி எல்லாவற்றுக்கும் ஓட்டுநரின் குணத்தைக் காரணம் சொல்வது எளிது. அவரிடம் கொடுத்த தாளைப் பார்த்தால், நின்று ஏற்றினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பது பல நேரம் தெரிகிறது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற டீசல் சிக்கனக் கணக்கும் அவர் தலைமேல் இருக்கிறது.

ஓட்ட நேரம் நாள் முழுக்க ஒன்றாக இராது. காலை நெரிசல், மதியம், மாலை நெரிசல், இரவு என்று பிரித்தே எழுத வேண்டும். சென்னையில் மழைக்காலத்தையும் தனியே கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை துரைசாமி, அரங்கநாதன் போன்ற சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கினால் அவ்வழி போகும் தடங்கள் எல்லாம் சுற்றிப் போக வேண்டும். ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் தியாகராய நகரின் ஓட்ட நேரத்தை மாற்றிவிடும்.

இயற்கை போட்ட கட்டுகளும் உண்டு. கூவமும் அடையாறும் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலுக்குப் போகின்றன. வடக்கு தெற்காகப் போகும் எந்தத் தடமும் சில பாலங்களில் மட்டுமே இவற்றைத் தாண்ட முடியும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி இரண்டு ஆறுகளையும் கடந்தாக வேண்டும். சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம், கோட்டூர்புரம் பாலம், அடையாறு திரு.வி.க. பாலம் ஆகியவற்றின் இரு முனைகளிலும் என்ன நடக்கிறதோ அதுதான் தென்சென்னைத் தடங்களின் நேரத்தைத் தீர்மானிக்கிறது. ரயில் பாதைகளும் அப்படியே. கேட் இருக்கும் இடத்தில் ஓட்ட நேரம் ரயிலின் கையில் இருக்கிறது.

அட்டவணை சரியாக இருந்தும் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்து வருவது பயணிகளுக்கு மிகுந்த எரிச்சல் தரும் காட்சி. அரை மணி நேரம் ஒன்றும் வராது, பிறகு ஒரே எண்ணில் மூன்று வரும். இது யாரும் திட்டமிட்டுச் செய்வது அன்று. நகரப் பேருந்தின் இயல்பிலேயே உள்ள கோளாறு. ஒரு வண்டி இரண்டு நிமிடம் பிந்தினால், அடுத்த நிறுத்தத்தில் அந்த இரண்டு நிமிடத்தில் வந்த ஆட்களும் சேர்ந்து நிற்பார்கள். அவர்கள் ஏற நேரமாகும், வண்டி மேலும் பிந்தும். பின்னால் வரும் வண்டிக்கு ஆளே இருக்காது. அது விரைந்து வந்து முன் வண்டியைப் பிடித்துவிடும். 10 நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே வண்டிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் சராசரி 10 நிமிடமாகிவிடும். ஓடிய கிலோமீட்டரும் டீசலும் சம்பளமும் மாறவில்லை. மக்களின் காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்கு.

இதற்கு மருந்து கடைசி நிலையத்தில் இருக்கிறது. டைம் கீப்பர் அறை என்பது கையெழுத்து வாங்கும் இடம் மட்டும் இல்லை. இரண்டு வண்டி சேர்ந்து வந்தால் ஒன்றைப் பிடித்து வைத்து, இடைவெளியைத் திரும்பச் சமமாக்கி அனுப்பும் அதிகாரம் அங்கே இருக்க வேண்டும். அட்டவணையில் எழுதிய நிமிடத்துக்கு அனுப்புவதைவிட, முன் வண்டி போய் எத்தனை நிமிடமாயிற்று என்று பார்த்து அனுப்புவது நெருக்கமான தடங்களில் நல்ல பலன் தரும். அதற்கு வண்டி நிற்க இடம் வேண்டும். நகரத்துக்குள் பல கடைசி நிலையங்கள் சாலையோரத்தில் நாலு வண்டி நிற்கும் அளவுக்கே இருக்கின்றன. ஐந்தாவது வந்தால் முதலாவது கிளம்பியே ஆக வேண்டும். நிலையத்துக்கு ஒதுக்கும் மனை வீண் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நடக்கும் வேலையைப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

வண்டிக்கு அட்டவணை எழுதியபின் ஆளுக்கு எழுத வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை வைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் நடுவே அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றது. ஓய்வும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. நகரத்தின் கூட்டமோ காலையிலும் மாலையிலும் மட்டும் உச்சத்தில் இருக்கிறது. நடுப்பகலில் வண்டிகளைக் குறைத்தால் ஆட்களை என்ன செய்வது என்ற கேள்வி வரும். காலையில் பாதி, மாலையில் பாதி என்று உடைத்துக் கொடுக்கும் டியூட்டி கணக்குக்கு நல்லது. புறநகரில் குடியிருக்கும் ஓட்டுநருக்கு அது கொடுமை, நடுவே வீட்டுக்குப் போய்வரவும் முடியாது. ஓய்வறை, கழிப்பறை, சாப்பாட்டு வசதி உள்ள பணிமனைகளில்தான் இத்தகைய டியூட்டியைக் கேட்பது நியாயம்.

பணிமனை இருக்கும் இடமும் சுற்று நேரத்தோடு சேர்ந்ததே. நகரம் சிறிதாக இருந்தபோது அமைந்த பணிமனைகள் இப்போது ஊருக்கு நடுவில் நிற்கின்றன. குடியிருப்போ வெளியே போய்விட்டது. அதிகாலை முதல் நடை புறநகரிலிருந்து நகருக்குள் வர வேண்டும் என்றால், அதற்கு முன் வண்டி காலியாக வெளியே போயாக வேண்டும். இரவில் திரும்பவும் காலியாக உள்ளே வர வேண்டும். இந்த வெற்றோட்டம் பயணிக்குத் தெரிவதில்லை, செலவுக்கு மட்டும் தெரிகிறது. நிலம் கிடைக்கும் காலத்திலேயே விளிம்பில் பணிமனைக்கு இடம் எடுத்து வைக்காத நகரம் அதற்கான விலையை நாள்தோறும் கட்டிக்கொண்டிருக்கும்.

தடங்களின் வடிவம் நகரத்தின் வரலாற்றிலிருந்து வந்தது. 1895-ல் தொடங்கிய டிராம் 1953-ல் நின்றது. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. அரசே பேருந்துகளை நடத்துவது 1947-ல் ஆரம்பித்தது. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவாகி, அதுவே பின்னால் மாநகர் போக்குவரத்துக் கழகமாயிற்று. அக்காலத்தில் வேலை, கடை, நீதிமன்றம், துறைமுகம் எல்லாம் பாரிமுனையைச் சுற்றியே இருந்தன. கிழக்கே கடல் இருப்பதால் நகரம் அரை விசிறியாக விரிந்தது. அதன் கைப்பிடி பாரிமுனை, மடிப்புகள் அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, ஜிஎன்டி சாலை முதலியவை. தடங்களும் அந்த மடிப்புகள் வழியே ஓடின.

இன்று பெருங்கூட்டம் போகும் இடங்கள் வேறு. கிண்டி, அம்பத்தூர், பழைய மாமல்லபுரம் சாலை, ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் விளிம்பிலோ விளிம்புக்கு வெளியிலோ இருக்கின்றன. அம்பத்தூரில் வீடும் சோழிங்கநல்லூரில் வேலையும் உள்ளவருக்குப் பாரிமுனை வழியே ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது குறுக்குத் தடம். நூறடிச் சாலை, பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை, வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை ஆகியவை குறுக்கு இணைப்புகளைத் தந்திருக்கின்றன. ஆனால் விரைவாகப் போவதற்கென்று அமைந்த வட்டச் சாலையில் நிறுத்தத்துக்கு இடமும், நிறுத்தத்துக்கு நடந்து வரும் வழியும் சாலை போடும்போதே சேர்ந்து வருவது அரிது. ஆள் ஏற முடியாத சாலையில் தடம் போட்டுப் பயனில்லை.

புதிதாக ஒரு குடியிருப்பு வந்தால் முதலில் கேட்பது நேரடிப் பேருந்து. தியாகராய நகருக்கு ஒன்று, பாரிமுனைக்கு ஒன்று, கோயம்பேட்டுக்கு ஒன்று. கேட்பதில் தவறில்லை. மூன்றும் கொடுத்தால் ஒவ்வொன்றும் நாளுக்குச் சில நடைதான் வரும். எதற்கும் நேரம் பார்க்காமல் போய் நிற்க முடியாது. அதே வண்டிகளைச் சேர்த்து அருகிலுள்ள பெரிய சந்திப்புக்கு 10 நிமிடத்துக்கு ஒன்றாக விட்டால், மாறிப் போனாலும் மொத்த நேரம் குறையும். தொழில் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே விரும்புவார்கள். மக்கள் முதலாவதை விரும்புவதற்கும் வலுவான காரணம் உண்டு. ஸ்டேஜ் கணக்கில் கட்டணம் வாங்கும் முறையில் வண்டி மாறினால் புது டிக்கெட் எடுக்க வேண்டும், அதாவது மாறுகிறவருக்கு அபராதம். 1000 ரூபாய் மாதப் பாஸ் வைத்திருப்பவருக்கு இந்த அபராதம் இல்லை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்கு 2021 மே முதல் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் அவர்களுக்கும் இல்லை. மாறிச் செல்லும் தடங்கள் முன்பைவிட இப்போது ஏற்கத்தக்கவை ஆகியிருப்பதற்கு இது முக்கியமான காரணம். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க 2025-ல் வந்த ‘சென்னை ஒன்’ செயலி அந்தத் திசையில் அடுத்த படி.

கட்டணமில்லாப் பயணம் தடம் வகுக்கும் கணக்கையும் மாற்றியது. அதுவரை ஒரு தடம் தேறுமா என்பதைக் கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்று பார்த்தே முடிவு செய்தார்கள். வசூல் குறைந்த தடத்தில் முதலில் நடை குறையும், பிறகு தடமே காணாமல் போகும். கையில் காசு குறைந்தவர்கள் இருக்கும் பகுதியில் வசூல் குறைவாகத்தான் இருக்கும். அங்கேதான் பேருந்தும் மிகவும் வேண்டும். இந்த முரண் நீண்ட காலம் கவனிக்கப்படாமலே இருந்தது. இப்போது மகளிருக்குக் கட்டணமில்லா டிக்கெட் ஒன்று தரப்படுகிறது. பணம் வராவிட்டாலும் தலைக்கணக்கு வருகிறது. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை வைத்துத் தடம் போடுவது வசூலை வைத்துப் போடுவதைவிட நேர்மையான முறை.

சாலை வடிவமைப்பில் பேருந்தை மிகவும் பாதிப்பவை சின்ன விஷயங்கள். நிறுத்தத்தைச் சந்திப்புக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்பது ஒன்று. முன்னால் வைத்தால் ஆள் ஏற்றி முடிக்கும்போது பச்சை போய்விடும். இடது பக்கம் திரும்பும் வண்டிகளும் அடைபடும். சிக்னலைத் தாண்டி வைத்தால் ஒரு நிற்றல் மிச்சம். ஆனால் நெரிசலைச் சாக்காக வைத்து நிறுத்தத்தை இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளிவிட்டால், குறுக்குச் சாலைப் பேருந்துக்கு மாற வேண்டியவர் வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். நடைபாதை கடைகளாலும் மின்பெட்டிகளாலும் அடைபட்டிருந்தால் அந்த நடை சாலையில்தான் நடக்கும். பேருந்துப் பயணி ஒவ்வொருவரும் பயணத்தின் இரு முனையிலும் பாதசாரி. ஆகவே நடைபாதைச் செலவைப் பேருந்துச் செலவாகவே கருத வேண்டும்.

பேருந்து ஒதுங்கி நிற்கச் சாலையோரத்தில் வெட்டிய குழிவு இன்னொன்று. நெடுஞ்சாலையில் அது அவசியம். நெரிசலான நகரச் சாலையில் அதற்குள் போன வண்டி திரும்ப வெளியே வர இடம் கிடைக்காமல் காத்திருக்கும். ஓட்டுநர்கள் அதற்குள் போகாமல் ஓரமாகவே நிற்பதற்குக் காரணம் அதுதான். அவர்களைக் கண்டிப்பதைவிட நடைபாதையைச் சற்று நீட்டி, பேருந்து தன் வரிசையிலேயே நின்று கிளம்பும்படி செய்வது நல்லது.

மேம்பாலங்களைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1973-ல் அண்ணா மேம்பாலம் திறந்ததிலிருந்து சென்னை மேம்பாலம் கட்டுவதை நிறுத்தவில்லை. சந்திப்பில் நிறுத்தம் உள்ள பேருந்து பாலத்தின் மேல் ஏற முடியாது. பாலத்தூண்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய குறுகிய அணுகுசாலையில்தான் அது போக வேண்டும். மேலே கார் விரைந்து போக, கீழே அறுபது பேர் உள்ள வண்டி சிக்னலுக்கு நிற்கிறது. பாலம் கட்டுவதற்கு முன் செய்யும் போக்குவரத்துக் கணக்கெடுப்பு வண்டிகளை எண்ணுகிறது. வண்டிக்குள் இருக்கும் ஆட்களை எண்ணினால் பல சந்திப்புகளில் முடிவே வேறாக வரும். கத்திப்பாராவில் 2008-ல் பாலம் திறந்து பல ஆண்டுகள் கழித்தே அதன் அடியிலிருந்த இடம் பேருந்து மாறும் வளாகமாகச் சீரமைக்கப்பட்டது. வரைபடத்திலேயே அது இருந்திருக்க வேண்டும்.

வளரும் நகரத்தின் விளிம்பில் வருவது வேறு வகைச் சிக்கல்: தடம் போடவே சாலை இருக்காது. 12 மீட்டர் நீளமுள்ள பேருந்து திரும்ப ஏறக்குறைய 24 மீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும். 1920-களில் நெடிய ஏரியைத் தூர்த்து அமைத்த தியாகராய நகரிலும், 1968 உலகத் தமிழ் மாநாட்டுக் காலத்தில் உருவெடுத்த அண்ணா நகரிலும் அகலச் சாலைகளை முதலில் போட்டு, மனையைப் பிறகு பிரித்தார்கள். அதனால் இத்தனை கூட்டத்துக்குப் பிறகும் பேருந்து அங்கே உள்ளே போக முடிகிறது. மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் நடந்தது வேறு. வயலும் ஏரிக்கரையும் துண்டு துண்டாக மனைப்பிரிவுகளாயின. ஒரு மனைப்பிரிவின் தெரு அதன் எல்லையில் முடிந்துவிடும். பக்கத்து மனைப்பிரிவின் தெரு வேறு இடத்தில் தொடங்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே விதிப்படி ஒப்புதல் பெற்றதே. எல்லாம் சேர்ந்தபின் பார்த்தால், ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு நடுவே ஒரு பேருந்து புகுந்து வெளியே வர வழியில்லை. 2013-ல் வந்த சிற்றுந்துகள் இந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்பின. ஒரு சிற்றுந்துக்கும் ஓட்டுநர் ஒருவர் வேண்டும், ஏறுபவர் பாதிப்பேர்தான். ஆகவே குறுகிய தெருவின் செலவு என்றென்றைக்கும் தொடரும். சென்னைப் பெருநகரப் பரப்பு 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்திருக்கிறது. அந்தப் புதிய பரப்பில் வயலாக இருப்பவை இன்னும் ஏராளம். பேருந்து போகும் சாலைகளை இப்போதே வரைபடத்தில் கோடாக இட்டு, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்டு வருபவர் அந்தக் கோட்டுக்கு இடம் விட்டாக வேண்டும் என்று வைப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

ரயில் திட்டங்களிலும் இடம் கிடைத்த வழியே பாதை போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பறக்கும் ரயில் சான்று. நிலம் எடுக்கும் தொல்லை குறைவு என்று பக்கிங்காம் கால்வாயை ஒட்டி அது போயிற்று. 1995-ல் சேப்பாக்கம் வரையும், 2007-ல் வேளச்சேரி வரையும் வந்தது. நிலையங்கள் பெரியவை, பேருந்துச் சாலைகளோ அவற்றிலிருந்து விலகி நின்றன. பரங்கிமலையோடு இணைக்கும் கடைசித் துண்டு பதினைந்து ஆண்டுக்கும் மேல் இழுபட்டது. 2015-ல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கிய மெட்ரோ, மக்கள் போகும் சாலைகளை ஒட்டியே வந்தது. ஆலந்தூர், சென்ட்ரல் போன்ற இடங்களில் மாறுவது எளிது. வெளியூர்ப் பேருந்து நிலையம் 2002-ல் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனது. தென்மாவட்டப் பேருந்துகளுக்கான நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் திறந்தது. ரயில் பாதை அதன் எதிரிலேயே ஓடியும், திறந்த நாளில் அங்கே ரயில் நிற்க இடம் இல்லை. அந்த இணைப்பின் சுமை முழுவதும் மாநகரப் பேருந்துகள் மேல் விழுந்தது. அதற்கான வண்டிகள் வேறு தடங்களின் இடைவெளியிலிருந்துதான் வர முடியும்.

இவற்றை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் இயற்றப்பட்டது. அது அலுவலகமாக இயங்கத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆயின. சாலை, பேருந்து, மெட்ரோ, ரயில் ஆகியவற்றின் திட்டங்களை அது கட்டுவதற்கு முன் பார்த்து, சுற்று நேரம் எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று ஒவ்வொன்றிலும் எழுதச் சொல்லும் அதிகாரம் பெற்றால் அந்தச் சட்டம் பயன் தரும்.

மின்பேருந்துகள் இந்தக் கணக்கில் புதிதாக ஓர் உறுப்பைச் சேர்த்திருக்கின்றன. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம். தாழ்தளம் என்பதால் முதியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் ஏறலாம். ஏறும் நேரமும் குறையும். டீசல் வண்டிக்குப் பணிமனையில் சில நிமிடத்தில் முடிந்த வேலை, இதற்குச் சார்ஜ் ஏற்றும் நேரமாக நீள்கிறது. அதைக் காலை நெரிசலுக்கும் மாலை நெரிசலுக்கும் நடுவே வைத்தால் கூடுதல் வண்டி வேண்டியதில்லை. நெரிசல் நேரத்தில் விழுந்தால் அந்த நடையை ஓட்ட மாற்று வண்டி ஒன்று நின்றாக வேண்டும்.